வண்டிக்கு யார் காவல்?

காலைச் சிற்றுண்டிக்காக நிறுத்திய வண்டி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இல்லை. இடம், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வோலட்டன் பார்க் பகுதி. காலம், 2025 ஆகஸ்ட் கடைசி. நேரம், பட்டப்பகல். வண்டிக்குச் சொந்தக்காரர் அந்த ஆண்டு மே மாதம் மும்பையிலிருந்து கே.டி.எம். 390 அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிளில் தனியாகக் கிளம்பிய இளைஞர். நேபாளம், சீனா, மத்திய ஆசியா, ரஷ்யா, துருக்கி என்று 17 நாடுகளைக் கடந்து வந்திருந்தார். அடுத்தது ஆப்பிரிக்கா என்று திட்டம். மொபெட்களில் வந்த நான்கு பேர் பூட்டை உடைத்து வண்டியைக் கொண்டுபோனதைக் கண்காணிப்புக் கேமரா சாவதானமாகப் பதிவு செய்துவைத்திருந்தது.

செய்தி வெளியானபோது இந்தியாவில் பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: அத்தனை நாடுகளைத் தாண்டி வந்தவருக்கு இங்கிலாந்திலா இப்படி? நெடுந்தூரம் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் இருக்கும் வரைபடமே வேறு. அதில் எந்த நாடு ஆபத்தானது, எது பத்திரமானது என்ற நிறங்கள் நாம் நினைப்பதற்குப் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

வண்டியோடு போனவற்றின் பட்டியல்தான் இன்னும் கொடுமை. பாஸ்போர்ட், ஆவணங்கள், கேமராக்கள், பணம், உடைகள். பெட்டிகளும் பைகளுமாக வண்டியில் கட்டியிருந்ததெல்லாம் அதோடு போய்விட்டது. ஓர் அமெரிக்கரோ ஜெர்மானியரோ பாஸ்போர்ட்டைத் தொலைத்தால் தூதரகத்தில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். இந்தியப் பயணியின் பாஸ்போர்ட்டில் இருப்பது வெறும் காகிதமல்ல. அதில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு விசாவுக்கும் பின்னால் வங்கிக் கணக்கு விவரங்கள், அழைப்புக் கடிதங்கள், வருமான வரிச் சான்றுகள், வாரக்கணக்கான காத்திருப்பு இருக்கின்றன. தூதரகம் அவசரத்துக்குத் தரும் சான்றிதழ் ஊர் திரும்ப மட்டும்தான் உதவும். ஆக, சிற்றுண்டி நேரத்துக்குள் காணாமல் போனது ஒரு வண்டி மட்டும் இல்லை. பயணமே அதோடு போய்விட்டது.

இப்படி ஒரு பயணத்துக்குப் போகிறவருக்கு வண்டிதான் வீடு. கூடாரம், அடுப்பு, மருந்து, மாற்று டயர் ட்யூப், மழைக்கோட்டு எல்லாம் அதில். வீட்டைத் தெருவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும் ஒருவரின் மனநிலையைக் கற்பனை செய்து பார்க்கலாம். உணவு விடுதிக்குள் நுழைந்ததும் அவர் முதலில் தேடுவது சமையல் பட்டியலை அல்ல. வண்டி தெரிகிற ஜன்னலோர மேஜையைத்தான். அது கிடைக்காவிட்டால் பசி இருந்தாலும் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்.

தொலைந்தால் வருத்தம் என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. இன்னொரு பூதம் இருக்கிறது. அதன் பெயர் கார்னே. பிரெஞ்சுச் சொல். நம் ஊர்க்காரர்கள் பலர் 'கார்னெட்' என்கிறார்கள். வாகனத்துக்கான பாஸ்போர்ட் என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் பாஸ்போர்ட்டைவிடக் கடன் பத்திரத்துக்குத்தான் இது நெருங்கிய உறவு. 1954-ல் நியூயார்க்கில் கையெழுத்தான சுங்க ஒப்பந்தத்தின் கீழ் உருவான ஏற்பாடு இது. ஒரு நாட்டுக்குள் வண்டியைச் சுற்றுலாவுக்காகக் கொண்டு போகும்போது இறக்குமதி வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் திரும்ப வெளியே கொண்டு போய்விடுவேன் என்பதற்கு யாராவது உத்தரவாதம் தர வேண்டும். அந்த உத்தரவாதத்தைத் தருவது பயணியின் சொந்த நாட்டில் இருக்கும் ஆட்டோமொபைல் சங்கம். இந்தியாவில், மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம்தான் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறது. சங்கம் சும்மா கொடுக்குமா? வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் கணக்கிட்டுப் பிணைத்தொகையோ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொள்கிறது. சில நாடுகளில் வண்டிக்கான இறக்குமதி வரி அதன் விலையையே விழுங்கிவிடும் என்பதால் இந்தத் தொகை எளிதில் கண்ணைக் கட்டவைக்கும்.

புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. எல்லைக்குள் நுழையும்போது ஒரு துண்டைச் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்கிறார். வெளியேறும்போது இன்னொன்றைக் கிழித்துக்கொள்கிறார். இரண்டு முறையும் முத்திரை குத்திய அடிக்கட்டை புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது. அந்த அடிக்கட்டையில் வெளியேறிய முத்திரை இல்லையென்றால், அந்த நாட்டின் சுங்கத் துறையைப் பொறுத்தவரை வண்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. திருடு போன வண்டியும் அங்கேதான் இருக்கிறது. திருடன் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறானா, பிரித்து விற்றுவிட்டானா என்பது சுங்க அதிகாரியின் கவலை இல்லை. நாட்டுக்குள் வந்த ஒரு வாகனம் வரி கட்டாமல் உள்ளேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். கோரிக்கை சங்கத்துக்குப் போகும். சங்கம் பிணைத்தொகையில் கைவைக்கும்.

இதனால்தான் கார்னே வேண்டிய நாட்டில் வண்டி திருடு போனவர் முதலில் அழுவதற்குக்கூட நேரமில்லாமல் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். எழுத்துபூர்வமான புகார், அதற்கு ஒப்புகை, அந்த நகல் சுங்கத் துறைக்கு, இன்னொரு நகல் மும்பைச் சங்கத்துக்கு. சேஸிஸ் எண், என்ஜின் எண், பதிவு எண் மூன்றும் புகாரில் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருக்க வேண்டும். எழுதுபவர் மொழி தெரியாத காவலர், எழுதும் மொழி இவருக்குத் தெரியாத மொழி. அந்தத் தாள்களை ஒன்றுக்கு மூன்றாகப் பிரதி எடுத்து, ஒரு பிரதியைத் தன் உடம்போடும், ஒன்றை வீட்டில் மனைவியிடமோ நண்பரிடமோ, ஒன்றைக் கம்ப்யூட்டரிலுமாக வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்கு வண்டி போனது முதல் அடி. அந்த வண்டி எது என்று நிரூபிக்க முடியாதது இரண்டாவது அடி.

கார்னே எல்லா இடத்திலும் தேவையில்லை என்பது உண்மை. ஐரோப்பாவில் கேட்பதில்லை. தென் அமெரிக்காவில் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். நேபாளத்தில் நம் வண்டிக்கு நாள் கணக்கில் 'பன்சார்' கட்டணம் செலுத்தினால் போதும். ஆனால் சீட்டின் பெயர் எதுவானாலும் சாரம் ஒன்றுதான்: கொண்டு வந்தவன் கொண்டு போக வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். இந்தியாவில் எடுத்த மோட்டார் பாலிசி இந்திய எல்லைக்குள்தான் செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டிக்கலாம். மாலத்தீவுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் யார் என்று கேட்கக் கூடாது, பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் அந்தந்த நாட்டில் எடுக்க வேண்டியதுதான். எல்லையிலே அவசரமாக எடுக்கும் பாலிசி வழக்கமாக மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டி இடித்து யாருக்காவது காயம் என்றால் அது கொடுக்கும். நம் வண்டியையே ஒருவன் கொண்டுபோனால் அதற்கு அதில் இடமில்லை. பயணக் காப்பீடு கேமராவுக்கும் மருத்துவமனைக்கும் ஏதோ தரலாம். வாகனத்தைப் பொதுவாக அது தொடுவதில்லை. மொத்தத்தில், வெளிநாட்டு வீதியில் நிற்கும் ஓர் இந்திய மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் அதன் பூட்டும் அதிர்ஷ்டமும்தான் காப்பீடு.

இனி அந்தத் தலைகீழ் வரைபடம். இந்தியாவிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு வாகா வழி என்றுமே எளிதாக இருந்ததில்லை. ஆகவே நேபாளம் வழியாகத் திபெத்தில் ஏறிச் சீனாவைக் குறுக்கே கடப்பவர்கள் உண்டு. வண்டியைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் வளைகுடாவுக்கோ ஈரானுக்கோ அனுப்பிவிட்டு விமானத்தில் போய் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. சீனாவில் வெளிநாட்டு வண்டியைத் தனியாக ஓட்டவே முடியாது. வழிகாட்டி ஒருவர் கூடவே வந்தாக வேண்டும், தற்காலிக நம்பர் பிளேட் வாங்க வேண்டும். ஊரெங்கும் கேமரா. செலவும் கெடுபிடியும் அதிகம் என்று புலம்பிக்கொண்டே வருகிறவர்கள், இரவில் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஈரான் கதை வேறு. 1979 புரட்சிக்குப் பிறகு 250 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டன. எனவே ஒரு 400 சிசி வண்டி சின்ன ஊரின் கடைத்தெருவில் நின்றால் அரை நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். தடவிப் பார்ப்பார்கள், ஏறி உட்கார்ந்து படம் எடுக்கலாமா என்பார்கள், டீ குடிக்கக் கூப்பிடுவார்கள். திருடினால் எங்கே ஓட்டுவது? அடுத்த தெருவிலேயே அதே மாதிரிக் கூட்டம் கூடிவிடுமே. ஊர் முழுக்க அறிந்த வண்டிக்கு வேறு பூட்டு எதற்கு?

மத்திய ஆசியாவில் கிர்கிஸ்தானின் ஓஷ், தாஜிகிஸ்தானின் கோரோக், பாமிர் மலைமேல் முர்காப் போன்ற ஊர்களில் தங்கும் வீடுகளுக்கு நல்ல உயரமான மதில், தகரமோ இரும்போ ஆன பெரிய கதவு. கதவைத் திறந்ததும் முற்றம். வண்டி நேரே உள்ளே போய்க் கோழிகளுக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே நின்றுகொள்ளும். கதவைச் சாத்தி வீட்டுக்காரர் தாழ்ப்பாள் போட்ட பிறகு அந்த வண்டி அவர் வீட்டு விருந்தாளி.

லத்தீன் அமெரிக்காவில் இதைவிட வேடிக்கை. ஸ்பானியர் காலத்துப் பழைய வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. குதிரைகள் உள்ளே போவதற்காக வைத்த அகலமான வாசல்கள் அவற்றுக்கு இருக்கின்றன. பெருவின் கூஸ்கோவிலோ குவாதமாலாவின் ஆன்டிகுவாவிலோ இரவு நேரத்தில் ஒரு விடுதிக்குள் போனால், வரவேற்பு மேஜைக்கு எதிரே சேறு படிந்த மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பார்க்கலாம். படிக்கட்டில் ஒரு பலகையைச் சாய்த்து, விடுதிப் பையன் பின்னால் தள்ள, சொந்தக்காரர் முன்னால் பிடித்து இழுக்க, தரை விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே ஏற்றியிருப்பார்கள். நெடுந்தூரப் பயணிகள் விடுதியில் முதலில் கேட்பது வெந்நீர் உண்டா என்று அல்ல. வண்டி உள்ளே வருமா என்றுதான். வாசலின் அகலத்தை ஹேண்டில்பாரின் அகலத்தோடு கண்ணாலேயே ஒப்பிட அவர்களுக்குத் தெரியும். வராது என்றால் பெருவில் 'கோசேரா', கொலம்பியாவில் 'பார்க்கெயாதெரோ' என்று அழைக்கப்படும் காவல் உள்ள நிறுத்துமிடத்தைத் தேடிப் போவார்கள்.

துருக்கியைத் தாண்டி ஐரோப்பாவுக்குள் நுழைந்ததும் இந்த முற்றங்கள் மறைந்துவிடுகின்றன. அடுக்குமாடி, நடைபாதை, கட்டண நிறுத்துமிடம். யாரும் யாரையும் கவனிப்பதில்லை. நாகரிகம் என்பதன் ஒரு பொருள் அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பது. வண்டித் திருடனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? நம் ஊரில் ஒரு வண்டியின் பக்கத்தில் அறிமுகமில்லாத ஒருவன் இரண்டு நிமிடம் நின்றால் டீக்கடைக்காரர் "என்னப்பா வேணும்?" என்று கேட்டுவிடுவார். லண்டனிலும் பார்சிலோனாவிலும் ஒருவன் ரம்பச் சத்தத்தோடு சங்கிலியை அறுத்துக்கொண்டிருந்தாலும், சாவியைத் தொலைத்த சொந்தக்காரராக இருக்கலாம் என்று மக்கள் தாண்டிப் போகிறார்கள்.

திருடும் முறையில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. வண்டியோடு வரும் ஹேண்டில் லாக்கை நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஹேண்டில்பாரின் ஒரு முனையில் காலை வைத்து ஓங்கி ஒரு மிதி மிதித்தால் பல வண்டிகளில் அந்தப் பூட்டின் முள் முறிந்துவிடும். என்ஜினைக் கிளப்ப முடியாதபடி மின்னணுத் தடை இருக்கிறதே என்றால், கிளப்பவே வேண்டாம். திருடன் ஒருவன் வண்டியில் ஏறி உட்காருவான். கூட்டாளி மொபெட்டில் பின்னால் வந்து காலை நீட்டி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவான். நம் ஊரில் பெட்ரோல் தீர்ந்த நண்பனைப் பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அதே உத்தி! இங்கே அது நட்பு, அங்கே அது தொழில். இன்னொரு முறை, வேன் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி நாலு பேர் தூக்கி உள்ளே போட்டுவிடுவது. காலி நிலையில் 200 கிலோவைத் தொடாத வண்டிக்கு நாலு பேர் தாராளம். சக்கரத்தில் டிஸ்க் லாக் தொங்கினாலும் அது வேனுக்குள் தொங்கிக்கொண்டே போகும்.

சரி, எதிலாவது கட்டிப்போட வேண்டும். இங்கேதான் பயணியின் சங்கடம். 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறுதியேற்றிய எஃகுச் சங்கிலியைக் கையால் இயக்கும் கத்தரியால் வெட்டுவது கடினம் என்பது அனுபவஸ்தர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அதன் எடை மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டும். தூணையும் சக்கரத்தையும் சேர்த்துக் கட்ட ஒன்றரை மீட்டராவது வேண்டும். அதற்கு ஒரு பெரிய பூட்டு. வீட்டு வாசலில் கிடக்கும் சங்கிலிக்கு எடை ஒரு பொருட்டல்ல. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக ஒடித்து எடையைக் குறைக்கிற ஒருவரிடம் போய் எட்டு, ஒன்பது கிலோ இரும்பைச் சுமக்கச் சொன்னால்? அதனால் பெரும்பாலோர் மெல்லிய சங்கிலியோடு ஒரு டிஸ்க் லாக் என்று சமரசம் செய்துகொள்கிறார்கள். இந்தச் சமரசம் தொழில்காரத் திருடனை நிறுத்தாது. போகிற போக்கில் கை அரிக்கும் பையனை நிறுத்தும். உலகத்தில் இரண்டாவது வகையினரே அதிகம் என்பது ஓர் ஆறுதல்.

பூட்டுக்குத் தரச் சான்று தரும் அமைப்புகள் இருக்கின்றன. 1992-ல் பிரிட்டனில் போலீசார் முன்முயற்சியில் தொடங்கிய 'சோல்டு செக்யூர்' அவற்றில் ஒன்று. வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று நகைக்கடை பாணியில் தரம் பிரிக்கிறது. நெதர்லாந்தில் நட்சத்திரக் கணக்கு. இந்தியாவில் வாங்கும் கேபிள் லாக்கில் இவை எதுவும் இருக்காது. பாட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் வந்த பிறகு இந்தத் தரங்களும் ஆட்டம் கண்டன. எந்தச் சங்கிலியும் சில நிமிடக் கணக்கு என்றாகிவிட்டது. 2021-க்குப் பிறகு அறுக்கும் தட்டையே தேய்த்துத் தின்றுவிடும் பூச்சு கொண்ட பூட்டுகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. விலை, நம் பயணிகள் ஒரு வாரம் தங்கிச் சாப்பிடும் செலவு.

பூட்டு எது என்பதைவிட எப்படிப் பூட்டுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. சங்கிலி தரையில் கிடந்தால் வெட்டும் கருவியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி மறுபிடியில் உடம்பின் எடையையே போட்டு அழுத்தலாம். தரையைப் பட்டறைக் கல்லாக்கிச் சுத்தியலால் அடிக்கலாம். அந்தரத்தில் இறுக்கமாகத் தொங்கினால் இரண்டும் கஷ்டம். முன் சக்கரத்தில் மட்டும் கட்டினால் சக்கரத்தை விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோவான். பின் சக்கரத்தோடு சட்டத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒருவர் வண்டியின் முன்பக்கத்தை மற்றவர் வண்டியின் பின்பக்கத்தோடு பிணைத்துவிட்டால், திருடன் இரண்டு வண்டிகளை ஒன்றாக ஓட்டப் பழகியிருக்க வேண்டும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் தெருவோரமே எஃகுக் கம்பிகள் பதித்த நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகக் கால் கிலோமீட்டர் நடந்தாலும் தகும்.

டிஸ்க் லாக்குக்கு ஒரு பக்க விளைவு உண்டு. பூட்டிய ஞாபகமில்லாமல் காலையில் சொந்தக்காரரே வண்டியைக் கிளப்பிவிடுவார். அரைச் சுற்று சுற்றிய சக்கரம் சட்டென்று நிற்க, வண்டியும் ஆளும் வாசலிலேயே சாய்வார்கள். திருடனுக்காக வாங்கிய பூட்டில் முதலில் மாட்டிக்கொள்கிறவர் பல நேரம் வாங்கியவர்தான். இதற்காகவே பூட்டிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரு சுருள் கயிறு, நல்ல மஞ்சளிலோ ஆரஞ்சிலோ கட்டித் தருகிறார்கள். அதைத் திருடனும் பார்ப்பான்.

பிறகு ஆப்பிளின் ஏர்டேக். 2021-ல் வந்த இந்தப் பொத்தான் அளவு கருவியை சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தால் வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் தெரியும் என்பது பயணிகளின் புது நம்பிக்கை. ஓரளவு உண்மைதான். ஆனால் மற்றவரை வேவு பார்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, சொந்தமில்லாத ஏர்டேக் ஒன்று தன்னோடு நகர்ந்தால் அந்த ஆளின் போனுக்கு எச்சரிக்கை போகும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. அதாவது திருடனுக்கும் தகவல் வரும். அப்புறம், வண்டி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, யார் போய் எடுப்பது? மொழி தெரியாத ஊரில், யாருடையதோ ஒரு கிடங்கின் கதவைத் தனியாளாகத் தட்டுவது வீரமல்ல.

பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியப் பெட்டிகளின் மேல் கடந்து வந்த நாடுகளின் ஸ்டிக்கர்களை ஒட்டுவது ஒரு சம்பிரதாயம். 'மும்பை முதல் லண்டன் வரை' என்று பெரிதாக எழுதிக்கொள்வதும் உண்டு. அதைப் பார்த்து முகம் மலர்ந்து வந்து கை குலுக்குபவர்கள் நூறு பேர். ஆனால் இந்தப் பெட்டிக்குள் ஒருவனுடைய ஆறு மாத வாழ்க்கை மொத்தமும் இருக்கிறது என்று படித்துக்கொள்கிற நூற்றியோராவது ஆளும் இருக்கிறான். எனவே சிலர் ஸ்டிக்கரே ஒட்டுவதில்லை. வண்டியைக் கழுவுவதும் இல்லை. இரவில் சாயம் போன பழைய உறை ஒன்றைப் போர்த்திவிடுகிறார்கள். உள்ளே இருப்பது என்ன வண்டி என்று தெரியாதபோது, உறையைத் தூக்கிப் பார்க்கும் ஒரு வேலை திருடனுக்குக் கூடுகிறது. பார்சிலோனாவைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் இன்னொரு வகையினர். டயரைக் குத்திவிட்டு, "உங்கள் டயரில் காற்று இல்லை" என்று அக்கறையோடு சொல்லி, உதவி செய்கிற சாக்கில் பையை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். பாஸ்போர்ட், பணம், கார்னே மூன்றும் உடம்பில், சட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாத அனுபவஸ்தர் இல்லை. 40 டிகிரி வெயிலில் அதைக் கழற்றி வைக்காத அனுபவஸ்தரும் இல்லை.

இவ்வளவு எச்சரிக்கையோடு ஒருவர் பயணம் போக முடியுமா என்பது நியாயமான கேள்வி. டீ குடிக்கும் இடத்தில் மூன்று பூட்டுப் போடுகிறவர் டீயை ரசிக்க முடியாது. ஒரு வீட்டு முற்றத்தில், தன் கையால் ரொட்டி சுட்டுக் கொடுத்த பெண்மணியின் கண் முன்னாலேயே வண்டிக்குச் சங்கிலி போடுவது அவரை அவமதிப்பது போலத்தான். போடாமல் விடுகிறவருக்கு இரவெல்லாம் காதில் ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரவைத்து, ஹாரன் அடிக்கவிட்டு, "நாளைக் காலை வரை இது உன் பொறுப்பு" என்று சொல்லிவிடுவது. பத்து வயதுக் காவல்காரனை மிஞ்சிய காவல் கிடையாது. விடிவதற்கு முன்னால் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

1973-ல் லண்டனிலிருந்து 500 சிசி டிரையம்ப் வண்டியில் கிளம்பி நான்கு ஆண்டுகள் உலகத்தைச் சுற்றிய டெட் சைமனிடம் ஏர்டேக்கும் இல்லை, வைரத் தரப் பூட்டும் இல்லை. அதற்கும் 40 ஆண்டுகளுக்கு முன்பு, 1932-ல், அதே லண்டனிலிருந்து டக்ளஸ் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு இந்தியா வழியாக ஜப்பான் வரை போன அமெரிக்கர் ராபர்ட் எடிசன் ஃபுல்டனுக்கு ஜி.பி.எஸ். என்ற சொல்லே தெரிந்திருக்காது. இதைச் சொல்லி அந்தக் காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமூச்சில் அரைப் பங்கு மறதி. அவர்கள் வண்டிகளை விற்க அன்று உதிரி பாகச் சந்தை இல்லை. ஏறி ஓட்டத் தெரிந்தவர்களே பல ஊர்களில் இல்லை. இன்றோ ஒரு 390 சிசி வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் எங்கோ ஒருவன் விலை போட்டுவைத்திருக்கிறான்.

நாட்டிங்ஹாமில் வண்டியைப் பறிகொடுத்தவரின் கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. செய்தி பரவியதும் முன்பின் தெரியாத ஆங்கிலேயர்கள் உதவிக்கு வந்தார்கள். பக்கத்து ஊரான மான்ஸ்ஃபீல்டில் இருந்த மோட்டார் சைக்கிள் கடை ஒன்று அதே மாதிரி வண்டி ஒன்றை இலவசமாகவே கொடுத்தது. நான்கு பேர் எடுத்துக்கொண்டுபோன ஊரில் அதைவிட அதிகம் பேர் கொடுக்க முன்வந்தார்கள் என்பதைச் செய்தியாளர்கள் விரும்பி எழுதினார்கள். தலைப்புக்குப் பொருத்தமான முடிவு. வண்டி கிடைத்தாலும், கிழிந்துபோன விசாக்களையும் தொலைந்த ஆவணங்களையும் எந்தக் கடையும் கொடுக்க முடியாது என்பதைத் தலைப்பில் போட இடமிருக்காது.

எல்லாம் நல்லபடியாக முடிந்து வண்டியோடு ஊர் திரும்புகிறவருக்கும் ஒரு கடைசி வேலை பாக்கி இருக்கிறது. இந்தியச் சுங்க அதிகாரி கார்னே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் குனிவார். சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் பல நாட்டுச் சேறு காய்ந்து கிடக்கும். வண்டிக்காரர் எச்சில் தொட்டோ தண்ணீர் தெளித்தோ பழந்துணியால் தேய்த்துக் காட்டுவார். அதிகாரி ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படிப்பார். கடைசி இலக்கமும் பொருந்திய பிறகு முத்திரை விழும். அந்தப் புத்தகம் மும்பைச் சங்கத்துக்குப் போய்ச் சரிபார்த்து முடிந்தால்தான் பிணைத்தொகை திரும்ப வரும். அதுவரை வண்டி வீட்டு வாசலில் நின்றாலும், இரவில் ஒரு தடவை எழுந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்து படுக்கிறார்கள்.